விடைத்தாள் இல்லாத சோதனை

கண் ஸ்கான் எடுக்கும் நாளில் அன்ரி காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இந்த ஸ்கானுக்கு வெறுவயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று கிளினிக் நேர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்ரி ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு அடுத்த முறையும் பட்டினியாகவே வருவார்.

"சோதனைக்குப் போகேக்கை வயிறு நிறைஞ்சிருந்தால் மூளை நித்திரை கொள்ளும்" என்பது அவரது கட்சி. ஸ்கான் முடிந்த கையோடு காலிவீதிச் சைவக்கடையில் மூன்று தோசையும் இரண்டு வடையும் உள்ளே போகும். அதற்குப் பிறகு மூளை நித்திரை கொண்டால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. அன்ரி மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. நான் வீட்டிலிருந்து கொம்பியூட்டரில் வேலை செய்பவன். அந்தக் கட்டடத்தில் அதை வேலை என்று ஒப்புக்கொண்டவர் ஒருவரும் இல்லை. "தம்பி வீட்டிலை சும்மாதானே இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு காஸ் சிலிண்டர் தூக்குவது, தண்ணீர் மோட்டர் போடுவது எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவார்கள். அன்ரியைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அப்படித்தான் என் தலையில் விடிந்தது. கணவர் இறந்து பல வருடம். ஒரே மகள் மெல்பேர்னில். கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

அன்ரி வாழ்க்கையில் ஒரு சோதனையிலும் ஃபெயில் விட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். மின்தூக்கியில் புதிதாக ஒருவர் ஏறினால் இரண்டாம் மாடி வருவதற்குள் சொல்லிவிடுவார். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, தடைதாண்டல் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, தலைமை எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவர். தாண்டிய வழி மிக எளியது. பழைய கேள்வித்தாள்களைத் தேடிப்பிடிப்பார். விடைகளை உருப்போடுவார். போய்க் கக்கிவிட்டு வருவார்.

"உலகத்திலை புதுக்கேள்வி எண்டு ஒண்டு இல்லைத் தம்பி. பழைய பாஸ்ட் பேப்பரைத்தான் மாத்தி மாத்திக் கேக்கிறாங்கள்."

சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றிருந்த காலத்தில், அன்ரி பன்னிரண்டு சிங்களக் கட்டுரைகளைப் பாடமாக்கினாராம். மழை நாள், எங்கள் கிராமம், தபாற்காரர் என்று வரிசையாக. சோதனைக்குத் தபாற்காரர் வந்தார். அன்ரி பாஸ். அதன்பிறகு அவர் சிங்களம் படிக்கவில்லை. தெரிந்த பன்னிரண்டு கட்டுரைகளை வெட்டி ஒட்டியே இத்தனை வருடமும் கொழும்பில் சீவியம் நடத்தினார். காலையில் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் பால்கனியில் நின்றபடி அவர் பாரை மீன் விசாரிப்பதைக் கேட்க வேண்டும். இலக்கண சுத்தமாக, எழுவாய் பயனிலையோடு, கேள்வியைத் தொடங்கி முடிப்பதற்குள் மீன்காரர் அடுத்த வீட்டுக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்துவிடுவார். ஒருநாள் அவர் என்னைப் பிடித்துச் சிங்களத்தில் சொன்னார்: அந்த நோனா மீன் கேட்டால் எனக்கு ரேடியோவில் எட்டு மணிச் செய்தி கேட்பது போல இருக்கிறது, தம்பி. எழும்பி நிற்க வேண்டும் போலவும் இருக்கிறது.

இப்படி உருப்போட்டே உலகத்தைச் சமாளித்த மனுஷிக்கு, எழுபத்திரண்டு வயதில் வந்து வாய்த்தது கண் வருத்தம். கண்ணுக்குப் பின்னால் நடு விழித்திரை பழுதாகிற வருத்தம். ஓரமெல்லாம் தெரியும், நேரே பார்க்கிற பொருள்தான் தெரியாது. ஆளின் காது தெரியும், முகம் தெரியாது.

வலது கண் போனதற்குக் காரணமே அவரது கெட்டித்தனம்தான். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று காலிவீதியில் ஒரு கண்ணாடிக்கடைக்குப் போயிருக்கிறார். அவருக்கு முன்னால் நாலு பேர். ஒவ்வொருவரும் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைச் சத்தமாக வாசிக்க, அன்ரி கதிரையில் இருந்தபடி கேட்டுக்கேட்டுப் பாடமாக்கிவிட்டார். அவரது முறை வந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ஆறு வரி ஒப்புவித்தார். கடைக்காரர் பாராட்டியே அனுப்பினார். வலது கண்ணால் பலகையே வடிவாகத் தெரியவில்லை என்பதை அன்ரி அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்ட கேள்வி எழுத்து என்ன என்பதுதான், தெரிகிறதா என்பதல்ல என்று பின்னால் எனக்கு விளக்கம் சொன்னார்.

அரை வருடம் கழித்துக் கண் கிளினிக்குக்குப் போனபோது வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்து முடிந்துவிட்டது. முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டொக்டர். அன்ரி தொடர்மாடி முழுக்க வேறு விதமாகச் சொன்னார். "மெசின் பிந்திக் கண்டுபிடிச்சிட்டுது."

அந்த நாள்களில் ஒருமுறை, படியில் ஏறி வந்த ஒருவரைக் கண்டு, "வாருங்கோ வாருங்கோ, எவ்வளவு காலம்!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்திவிட்டார். மட்டக்களப்பில் இருக்கும் என் சித்தப்பா என்று நினைப்பு. வந்தவர் தண்ணீர் மீற்றர் வாசிக்க வந்த உத்தியோகத்தர். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. தேத்தண்ணி குடித்து, மூன்று பருத்தித்துறை வடை சாப்பிட்டு, அன்ரி என் சின்னம்மாவின் முழங்கால் வருத்தம் விசாரித்தபோது தலையாட்டி, அரை மணி நேரம் இருந்துவிட்டு மீற்றரைப் பார்க்காமலே போய்விட்டார். மாலையில் நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அன்ரி. "அவனும் களைச்சு வந்த பிள்ளைதானே."

இனி மிஞ்சியது இடது கண். அதிலும் அதே வருத்தம் தொடங்கியிருந்தது. ஆனால் நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி. முதலில் பலகையில் எழுத்து வாசிக்க வேண்டும், பிறகு ஸ்கான், பிறகு டொக்டர், பிறகு ஊசி. கண்ணின் உட்கசிவு வற்றி நன்றாக இருந்தால் ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளியைக் கூட்டுவார்கள்.

ஊசிக்கு அன்ரி பயப்படவில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு கிளினிக் நாளும் மெல்பேர்னிலிருந்து மகள் ஃபோன் எடுத்துக் கேட்கும் முதல் கேள்வி, "அம்மா, ரிசல்ட் என்ன?" இடது கண்ணும் பழுதானால் மகள் அடுத்த பிளேனில் வந்து வீட்டைப் பூட்டி, தாயைக் கையோடு கொண்டுபோய்விடுவார். அது முடிந்த முடிவு. மகள் கெட்டவர் இல்லை. கண் தெரியாத தாயை மூன்றாம் மாடியில் தனியே விட எந்த மகளுக்குத்தான் மனம் வரும்? ஆனால் அன்ரிக்கு அந்த வீடுதான் உயிர். காலையில் பால்கனியில் நின்று மீன்காரரோடு வாதாடி, பத்திரிகையில் மரண அறிவித்தலை முதலில் வாசித்து, "பெறாமக்களிலை ஒருத்தியை விட்டிட்டாங்கள்" என்று, உடன்பிறந்தவர் பிள்ளைகளின் கணக்குவரை, முன்பின் தெரியாத குடும்பத்தின் பிழைகளைத் திருத்தி, பின்னேரம் கடலோரம் ரயில் போகும் சத்தத்தில் மணி சொல்லி. இதெல்லாம் மெல்பேர்னில் எங்கே கிடைக்கும்?

"அங்கை போய் நான் என்ன செய்யிறது? அவளின்ரை வீட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்றார் ஒருநாள். அன்று அவர் குரலில் பகிடி இருக்கவில்லை.

அதனால்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

கிளினிக்கில் மாட்டியிருந்ததும் கண்ணாடிக்கடையில் இருந்த அதே பலகைதான். "பாத்தீரே, அதே பேப்பர்!" என்று அன்ரி என் விலாவில் இடித்தார். அவருக்கு மேல் ஆறு வரியும் பாடம். கீழ் வரிகள்தான் பாக்கி. "தம்பி, ஃபோனிலை ஒரு படம் எடும்" என்றார். எடுத்தேன். வீட்டில் என் கொம்பியூட்டர்த் திரையில் அதை ஒரு முழ அளவுக்குப் பெரிதாக்கினேன். பின்னேரம் நான்கு மணிக்கு அன்ரி பொரித்த குழம்புச் சட்டியோடு இறங்கி வருவார். நான் வேலையை நிறுத்திவிட்டு வாசிக்க, அவர் ஒப்புவிப்பார். எல், பி, ஈ, டி என்ற வரிக்கு அவரது பழைய கந்தோர் ஆட்களையே நிறுத்திவிட்டார்: லோகநாதன், பரமேஸ்வரி, ஈஸ்வரி, டேவிட். "டேவிட்டுக்குப் பக்கத்திலை ஈஸ்வரியை இருத்தினால் வேலை நடவாது, எண்டாலும் பறவாயில்லை" என்று சிரிப்பார். இரண்டு கிழமையில் எட்டு வரியும் கரைத்துக் குடித்தாயிற்று. குடித்தது அவர் மட்டுமல்ல. எனக்கும் பாடமாகிவிட்டது.

முதல் சில மாதங்கள் ஸ்கானும் நன்றாக இருந்ததால் ஒன்றும் வெளிப்படவில்லை. ஊசியின் இடைவெளி ஒரு மாதத்திலிருந்து ஆறு கிழமையானது, பிறகு எட்டுக் கிழமையானது. இடையில் பார்வையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே ஃபோன் எடுங்கள் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எட்டுக் கிழமையில் பாதி போகுமுன்பே அன்ரி பத்திரிகையை மூக்கில் முட்டக் கொண்டுபோவதைக் கண்டேன். மரண அறிவித்தலில் இருந்தவரின் வயதைக் கூட்டி வாசித்தார். நான் கேட்டேன். "அச்சு சரியில்லை" என்றார். நானும் அச்சு சரியில்லை என்றே நம்ப விரும்பினேன். ஃபோன் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அன்றைக்கு எட்டு வரியையும் இரண்டு தரம் ஒப்புவித்துப் பார்த்தோம்.

குறித்த நாள் வந்தது. அன்ரி வெறுவயிற்றோடு, திருநீறு பூசி, பலகையை ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்தார். நேர்ஸ் எழுதிக்கொண்டார். அடுத்து ஸ்கான் அறை.

ஸ்கான் எடுப்பவர் ஹட்டன் பக்கத்து ஆள். நரைத்த மீசை, அதிர்ந்து பேசாத குணம். மெசினில் நாடியை ஊன்றி முகத்தை வைத்து உள்ளே தெரியும் பச்சைச் சிலுவையை அசையாமல் பார்க்க வேண்டும். அவர் மெசினில் ஏதோ திருகியபடி வழக்கம்போலக் கேட்டார்.

"அம்மா, பச்சச் சிலுவ தெரியுதுங்களா?"

"வடிவாத் தெரியுது" என்றார் அன்ரி உடனே.

"நல்லா நடுவுல தெரியுதுங்களா?"

"நட்ட நடுவிலை, பளிச்செண்டு."

அவர் கையை எடுத்தார். "நா இன்னும் லைட்டே போடலீங்களே அம்மா."

நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு மின்விசிறி இருந்தது. அதற்கு மூன்று இதழ்கள். அன்ரி நாடியை எடுக்காமல் மெசினுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டு அவரை நான் கண்ட முதல் தடவை அது.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. லைட்டைப் போட்டார். "இப்பப் பாருங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியாட்டி தெரியலன்னு சொல்லுங்க. இந்த மெசினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அந்த இடத்திலை ஒரு பனிப்புகார் நிக்குது" என்றார் அன்ரி, மெதுவாக.

டொக்டர் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கையில் நேர்ஸ் எழுதிய தாள், மறு கையில் ஸ்கான் படம். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். எழும்பிப் போய் வேறொரு எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து மாட்டி, "இத வாசிங்க அன்ரி" என்றார். அன்ரி மேல் இரண்டு வரி வாசித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"இது சிலபஸிலை இல்லை" என்றார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க மகனா?"

"இல்லை. கீழ் வீடு."

"பாடம் சொல்லிக் குடுத்தது நீங்களா?"

நான் ஓம் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஸ்கான் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற படம். கறுப்பு வெள்ளையில் படைபடையாகக் கோடுகள். அடியில் இருந்த படை ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பி நின்றது.

"உங்க வீடு கடல் பக்கமா அன்ரி?"

"ஓம்."

"பாத்ரூம் சுவர்ல பெயின்ட் பொங்கி நிக்குமே?"

"அதை ஏன் கேக்கிறியள். போன வருசம்தான் அடிச்சது."

"இதுவும் அப்படித்தான். கண்ணுக்குப் பின்னால மெல்லிசா ஒரு படை. அதுக்கு அடியில தண்ணி போய் பொங்கி நிக்குது. ஊசி போட்டா தண்ணி வத்தும். வத்தும்போது அந்தப் படை சுருங்கி இழுபடும். மேடு சின்னதா இருந்தா பயமில்ல. இது நல்ல உயரம். இந்த ஓரத்துல கிழியலாம்." பேனையால் படத்தின் ஒரு ஓரத்தில் வட்டம் போட்டார்.

"ஊசி போடாட்டி?"

"போடாட்டி கண் கட்டாயம் போகும். போட்டா காப்பாத்த இடமிருக்கு. ஆனா கிழியிற ஆபத்தும் இருக்கு. அத முதலே உங்களுக்குச் சொல்லணும்."

அன்ரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "அப்ப என்ன வரப்போகுது எண்டு இந்த மெசினுக்கு முதலே தெரியுமோ? பேப்பர் அவுட்டோ?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேள்வி மட்டுந்தான் அவுட் அன்ரி. விடை மெசினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஊசி போட்டார். கையில் ஒரு தாள் கொடுத்தார். கணக்குக் கொப்பி போலச் சதுரம் சதுரமாகக் கோடு அடித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்த தாள். தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். எந்தக் கோடாவது வளைந்தாலோ, உடைந்தாலோ, கறுப்பாக ஏதாவது தெரிந்தாலோ, நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

அன்ரி தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். மறுநாள் காலை நான் மேலே போனேன்.

"எப்பிடி அன்ரி, கோடுகள்?"

"எல்லாம் நேர்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? அச்சடிச்சவன் நேராத்தானே அடிச்சிருப்பான்."

போதாததற்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டம் இருந்தது. கோடுகளை அளந்தே பார்த்திருக்கிறார். தாளின் மூலையில் சிவப்புப் பேனையால் "100" என்று போட்டு ஒரு சரி அடையாளமும் இட்டிருந்தார்.

நான் அவரை இருத்திவிட்டு எதிரே இருந்தேன். "அன்ரி, கோடு நேர் எண்டு எனக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். அது கேள்வி இல்லை. உங்களுக்கு அது எப்பிடித் தெரியுது எண்டதுதான் கேள்வி."

"அது பிழையாத் தெரிஞ்சால்?"

"பிழையாத் தெரியுது எண்டு சொல்லவேணும்."

"அப்ப சரியான விடை ஆரிட்டை இருக்கு?"

"உங்களிட்டைதான்."

"விடைத்தாள் இல்லாத சோதனையோ?" என்றார் அன்ரி. அப்படி ஒன்றை யாராவது நடத்துவார்களா என்ற சந்தேகம் குரலில் இருந்தது. "இதை நான் மகளுக்குச் சொன்னால், தம்பி, அவள் ரிக்கெற் போட்டிடுவாள்."

"சொல்லாமல் விட்டால் கண் போயிடும். பிறகும் ரிக்கெற்தான்."

அவர் சிவப்புப் பேனையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் மேலே போய்க் கேட்பதை நிறுத்தினேன். போய்க் கேட்டால் எனக்குப் பிடித்த விடையைச் சொல்லிவிடுவார் என்று பயம். கீழே வேலையில் உட்கார்ந்தபடி மேல்வீட்டு நடைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பது தெரியும். பிறகு அடுப்படிக்குப் போவது தெரியும். அப்பாடா என்று என் வேலையைப் பார்ப்பேன். ஒன்பது நாள் இப்படிப் போனது.

பத்தாம் நாள் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்ற காலடி அடுப்படிக்குப் போகவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வரும் சத்தம். மின்தூக்கியை விட்டுவிட்டு ஏன் படியால் வருகிறார் என்று நினைப்பதற்குள் என் கதவு தட்டுப்பட்டது.

அன்ரி கையில் தாளோடு நின்றார். அதன் நாலு மூலையிலும் ஒட்டுநாடா கிழிந்து தொங்கியது. திருநீறு இல்லை. தலை வாரவில்லை. அவரை அப்படி நான் கண்டதேயில்லை.

"தம்பி" என்றார். "நான் ஃபெயில்."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே இடது கண்ணால் தாளைப் பார்த்து விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தக் கீழ் மூலையிலை கோடெல்லாம் சரிஞ்சு விழுந்து கிடக்கு. இதிலை ஒரு கறுப்பு. புள்ளிக்குக் கிட்ட வந்திட்டுது, ஆனால் புள்ளி தெரியுது. அச்சடிச்சவன் நேராத்தான் அடிச்சிருப்பான். எனக்கு அப்பிடித் தெரியேல்லை." சொல்லி முடித்துத் தாளை என் கையில் திணித்தார். "டொக்டருக்கு ஃபோன் எடும், கெதியா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் சேர்ட்டைத் தேடுவது போல உள்ளே போனேன்.

அன்றைக்கும் அவர் வெறுவயிறுதான். ஆனால் அது மறதியால். ஸ்கான் அறையில் மீசைக்காரர் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் கேட்டார். "சிலுவ தெரியுதுங்களா அம்மா?"

"அரைவாசி தெரியுது. கீழ்ப்பக்கம் இல்லை."

"ரொம்ப சரிங்கம்மா" என்றார் அவர். அன்ரி மெசினிலிருந்து முகத்தை எடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். தெரியவில்லை என்று சொன்னதற்கு ஒருவர் சரி போட்டது அவருக்கு அதுவே முதல் அனுபவம்.

படத்தைப் பார்த்த டொக்டர் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பேனையால் வட்டம் போட்ட அதே ஓரம். அங்கேதான் கிழிந்திருந்தது. நடுவுக்கு இன்னும் வரவில்லை. கிழிந்ததை ஒட்ட முடியாது, ஆனால் மிச்சத்தைக் காக்க ஊசியைத் தொடர வேண்டும், நாளைத் தள்ளக் கூடாது என்றார். "இன்னைக்கே வந்தது நல்லது அன்ரி. குறிச்ச நாள் வரைக்கும் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது."

"மகளுக்கு நானே சொல்லுறன்" என்றார் அன்ரி.

சைவக்கடையில் தோசை ஆறிப்போய்க் கிடக்க அவர் மெல்பேர்னுக்கு ஃபோன் எடுத்தார். "ரிசல்ட் சரியில்லை பிள்ளை" என்று தொடங்கி, கிழிந்த இடம், வட்டம் போட்ட படம், பலகையைப் பாடமாக்கியது, நான் படம் எடுத்தது எல்லாவற்றையும் ஒப்புவித்தார். என் பெயரையாவது விட்டிருக்கலாம். பிறகு மகளின் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, இவ்வளவு காலமும் நீங்கள் பாஸ் எண்டு சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம். இனி ஃபெயில் எண்டாலும் உள்ளதைச் சொல்லுறதெண்டால், அங்கையே இருங்கோ."

ஃபோனை வைத்துவிட்டு அன்ரி ஆறிய தோசையைச் சாப்பிட்டார். மூன்றல்ல, ஐந்து.

அதன்பிறகு மூன்று வருடம் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். இடது கண்ணின் நடு மிஞ்சியது. பெரிய பூதக்கண்ணாடியோடு மரண அறிவித்தல்களைத் தொடர்ந்து திருத்தினார். கிளினிக்கில் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக எல்லோருக்கும் உபதேசம். பலகைக்கு முன்னால் யாராவது கண்ணைச் சுருக்கி ஊகித்து வாசித்தால், கதிரையில் இருந்தபடி, "தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ, தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ" என்று சத்தம் போடுவார். நேர்ஸ் இரண்டு தரம் அவரை வெளியே இருத்தியிருக்கிறார். போன வருடம் வேறொரு வருத்தம் வந்து, நாலே நாளில் போய்விட்டார். அவருடைய மரண அறிவித்தலில் பெறாமக்களில் ஒருவரை விட்டுவிட்டார்கள். திருத்த ஆள் இல்லை.

போன மாதம் கொம்பியூட்டர் பார்த்துப் பார்த்து எனக்குத் தலையிடி வந்து, காலிவீதியில் ஒரு கண்ணாடிக்கடைக்குப் போனேன். இருத்தி, ஒரு கண்ணை மூடி, எதிரே லைட்டைப் போட்டார்கள். அதே பலகை. கீழ் வரிகள் எனக்கு மசமசவென்றுதான் இருந்தன. ஆனால் வாய் தன்பாட்டுக்கு எழுத்துகளைச் சொல்லத் தொடங்கிவிட்டது, மனதுக்குள் அன்ரியின் கந்தோர் ஆட்கள். லோகநாதன், பரமேஸ்வரி, ஈஸ்வரி, டேவிட். ஐந்தாம் வரி போனது, ஆறாம் வரி போனது. கடைக்காரர், "சூப்பர்" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"அண்ணை, இந்தப் போர்ட் எனக்குப் பாடம். வேறை ஒண்டு போடுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மாற்றினார். புதிய பலகையில் நான்காம் வரிக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். கடைக்காரர் குறித்துக்கொண்டார். வெளியே வந்து ஒழுங்கையால் இறங்கி, பழக்க தோஷத்தில் மின்தூக்கியில் மூன்றாம் மாடியை அழுத்திவிட்டேன். கதவு திறந்தது. அன்ரியின் கதவடியில் இப்போது வேறு ஆள்களின் செருப்புகள். நானும் ஃபெயில் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.